கதிரவெளியோடு நின்ற பயணம்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோரப் பெருவீதி ஏறக்குறைய 130 கிலோமீற்றர் நீளமுடையது. இலங்கைத் தீவின் வீதிகளுள் நீரோடு இத்துணை நெருங்கிப் பழகும் வீதி வேறொன்று உண்டோ என்பது ஐயமே. கிழக்கே வங்கக் கடல். மேற்கே களப்புகளும் வயல்களும். குறுக்கே ஆறுகளும் அவற்றின் முகத்துவாரங்களும். முற்காலத்தில் இவ்வழியே சென்றோர் துறைக்குத் துறை வண்டியை விட்டிறங்கி, ‘பாதை’ என்று இப்பகுதி மக்கள் கூறும் மிதவையில் ஏறி அக்கரை சேர்ந்தனர். நிலத்தில் நடப்பதற்குரிய பெயரை நீரில் மிதப்பதற்குச் சூட்டியிருக்கிறார்கள் என்றால், இங்கே வழி எது, வெள்ளம் எது என்று பிரித்துப் பார்ப்பது எவ்வளவு அரிது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமான பாலம் 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் திறக்கப்பட்டது. வெருகல் முதலிய மற்றைத் துறைகளிலும் போருக்குப் பின்னர்ப் பாலங்கள் எழுந்தன. இன்று பேருந்தில் ஏறி அமர்ந்தால் உறங்கிக்கொண்டே திருகோணமலை போய்ச் சேரலாம்.

உறங்காமற் போக விரும்பிய நால்வர் ஒரு மார்கழி விடுமுறையில் துவிச்சக்கர வண்டிகளில் வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். இருவர் ஆசிரியர்கள், இருவர் உயர்தர வகுப்பு மாணவர்கள். மலைப் பாதைகளில் ஓட்டுவதற்கென்றே தடித்த ரயர்களும் பல பற்சில்லுகளும் பொருத்திச் செய்யப்படும் வண்டிகள் நம்முடையவை. வழி நெடுக ஒரு மேடுகூட இல்லாத கரையோரத்திலே மலை வண்டிக்கு என்ன வேலை என்று வாழைச்சேனையில் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் வினவினார். வினா நியாயமானதே. விடை, மணல். மாங்கேணிக்கு அப்பால் காபெற் வீதியை இயன்றவரை தவிர்த்து, கடலோரக் கிராமங்களை இணைக்கும் கிறவல் வீதிகளிலும் மணற்றடங்களிலும் செல்வது எமது திட்டம். மெல்லிய ரயர் மணலிற் புதையும். தடித்த ரயரில் காற்றைச் சிறிது குறைத்துவிட்டால், ஒட்டகத்தின் பாதம்போல அகன்று படிந்து மணலின்மேல் ஏறிச் செல்லும். ஓட்டுபவருடைய தொடைகளுக்கு மலையேற்றத்திற்குச் சற்றும் குறையாத வேலை கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாணவருள் இளையவருக்கு இப்பயணத்தில் வேறொரு காரியமும் இருந்தது. அவருடைய தாயார் வெருகலாற்றுக்கு வடக்கேயுள்ள ஈச்சிலம்பற்றைச் சேர்ந்தவர். 2006ஆம் ஆண்டில் அப்பகுதியில் போர் மூண்டபோது ஆற்றைக் கடந்து தெற்கே கதிரவெளிப் பக்கம் வந்த ஆயிரக்கணக்கானோருள் அவரும் ஒருவர். பின்னர் மட்டக்களப்பிலே வாழ்க்கைப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார். மூத்த சகோதரியோ ஊர் திரும்பிவிட்டார். அந்தப் பெரியம்மாவுக்குத் தைப்பொங்கலுக்கென்று தாயார் கொடுத்தனுப்பிய புடைவையொன்று இரட்டைப் பொலித்தீன் உறையில் மாணவரின் முதுகுப்பைக்குள் இருந்தது. தபாலில் அனுப்பலாமே என்று கேட்டோம். “அம்மா நடந்து வந்த வழி எனக்கு ஒருக்காலாவது தெரியவேணும், சேர்” என்றார். அதற்குமேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை.

மட்டக்களப்புப் பகுதி ஆண்டொன்றுக்குப் பெறும் மழை ஏறக்குறைய 1,700 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரையான சில மாதங்களுக்குள்ளேயே கொட்டித் தீர்ந்துவிடும். வடகீழ்ப் பருவக்காற்றை இங்குள்ளோர் வாடை என்பர். வடக்கு நோக்கிச் செல்லும் சைக்கிளோட்டிக்கு அது முகத்துக்கு நேரே வரும். காயான்கேணியைத் தாண்டியதும் அது எம்மை எதிர்கொண்டது. பற்சில்லைக் குறைத்து, உடலை வளைத்து, ஒருவர் பின் ஒருவராக ஒட்டிச் சென்றோம். முன்னே செல்பவர் காற்றைப் பிளக்க, பின்னால் வருபவர் சற்று இளைப்பாறலாம். பத்து நிமிடத்துக்கொரு முறை முன்னிடத்தை மாற்றிக்கொண்டோம்.

இவ்வழியிலுள்ள ஊர்ப்பெயர்களைக் கவனிப்பது நல்லதொரு பாடம். காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, புச்சாக்கேணி என்று கேணிகளே வரிசையாக வருகின்றன. ஒரு பக்கம் உப்புக் கடல், மறுபக்கம் உவர்க் களப்பு. இடையிலே மணலைத் தோண்டி நன்னீர் கண்ட இடமெல்லாம் ஊராயிற்று. கண்டல் மரங்கள் நின்ற இடம் கண்டலடி. காடு வெட்டிச் சேனை செய்த இடம் பால்ச்சேனை. நெல் விளையும் திறந்த வெளிகள் அம்பந்தனாவெளி, கதிரவெளி. கற்றறிந்த புலவர் எவரும் கூடியிருந்து சூட்டிய பெயர்கள் அல்ல இவை. நீரையும் நிலத்தையும் பார்த்துச் சூட்டியவை. கரையோர வேடர் வழிவந்த குடும்பங்கள் இன்றும் இப்பகுதியில் வாழ்கின்றன.

பனிச்சங்கேணிப் பாலத்தின்மேல் நின்று களப்பைப் பார்த்தபோது பிற்பகலாயிற்று. வீச்சுவலைக்காரர் இருவர் இடுப்பளவு நீரில் நின்றிருந்தனர். வடகிழக்கே வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோலக் கறுத்திருந்தது. வாகரையை அடைவதற்குள் முதற் துளிகள் விழுந்தன. வாகரையை விட்டு அகன்ற பின்னர் பெய்ததை மழை என்று சொல்வது போதாது. காற்று நீரைக் கிடையாகக் கொண்டுவந்து எறிந்தது. கண்ணாடி அணிந்தவர் அதைக் கழற்றினார். கழற்றிய பின்னரும் ஒன்றும் தெரியவில்லை. மணற்றடம் சிறிது நேரம் எமக்கு உதவியது, நனைந்த மணல் இறுகுவதால். ஆனால் தாழ்ந்த இடங்களில் வெள்ளம் தேங்கியதும் அதன் ஆழம் அறியாமல் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. மணலும் உப்புநீரும் கலந்து சங்கிலியிற் புகுந்து அரைத்தன. பிரேக் பிடித்தால் ஓசை வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. பால்ச்சேனையிலே மணலைக் கைவிட்டுப் பெருவீதிக்கு ஏறினோம். கதிரவெளியை அடைந்தபோது இருட்டிவிட்டது.

அறிந்த குடும்பமொன்றின் இல்லத்திலே தங்க ஏற்பாடு செய்திருந்தோம். உலர்ந்த சாரமும் இஞ்சித் தேநீரும் சூடான பிட்டும் மீன்கறியும் கிடைத்தால் மனிதன் எவ்வளவு விரைவில் தன் துன்பத்தை வீரமாக்கிப் பேசத் தொடங்குகிறான்! மாணவர் இருவரும் மறுநாள் மாலைக்குள் மூதூர் என்று கணக்கிட்டனர். வீட்டின் முதியவர், ஆழிக்கடலிலும் ஆற்றிலும் தொழில் செய்து ஓய்ந்தவர், கேட்டுக்கொண்டிருந்தார். மறுத்து எதுவும் கூறவில்லை.

விடிந்தபோது மழை இல்லை. மேற்கே மேகங்கள் கிழிந்து நீலம் தெரிந்தது. வெருகலுக்கு இன்னும் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. சங்கிலிகளைக் கழுவி எண்ணெயிட்டோம். இளையவர் எல்லோருக்கும் முன்னதாகவே பையை மாட்டிக்கொண்டு நின்றார். அப்பொழுதுதான் முதியவர் முற்றத்திற்கு வந்தார்.

“எங்க மனே வெளிக்கிடுறீங்க?”

“வெருகலுக்கு, ஐயா. மழை விட்டிட்டுதே.”

“மழை விட்டா ஆறு விடுமா? மலைநாட்டில பெஞ்ச தண்ணி மறுகாத்தான் இஞ்ச வரும். ஆத்துவாழை கட்டுக்கட்டா வருதாம் எண்டு விடியவே சொல்லிப்போட்டாங்க.”

அவர் கூறியதைச் சற்று விரித்து எழுதுவது மாணவருக்குப் பயன்படும். வெருகலாறு தனியானதோர் ஆறன்று. மகாவலி கங்கையின் கிளை. மகாவலி மத்திய மலைநாட்டிலே பிறந்து, 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கிறது. தாழ்நிலத்தை அடைந்த பின்னர் பிரியும் கிளையொன்றே கதிரவெளிக்கு வடக்கே மட்டக்களப்பு, திருகோணமலை மாவட்டங்களின் எல்லையில் கடலைச் சேர்கிறது. ஆகவே கொத்மலையிலும் கண்டியிலும் பெய்த மழை, விக்டோரியா, ரந்தெனிகல போன்ற நீர்த்தேக்கங்களை நிரப்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, மன்னம்பிட்டியைக் கடந்து இங்கே வந்து சேர நாட்கள் செல்லும். மன்னம்பிட்டியில் நீர்மட்டம் உயர்ந்தால் நீர்ப்பாசனத் திணைக்களம் கீழேயுள்ள மூதூர், வெருகல் மக்களுக்கு எச்சரிக்கை விடுப்பது இதனால்தான். கதிரவெளியில் வெயில் காயும்போதே வெருகலில் வீதி மூழ்கலாம். மேலாற்றிலே அடர்ந்து கிடக்கும் ஆற்றுவாழை வேரோடு பெயர்ந்து மிதந்து வருவது, பின்னால் பெருநீர் வருகிறது என்பதற்கு அறிகுறி. 2025ஆம் ஆண்டு நவம்பரில் ‘டித்வா’ புயல் மலைநாட்டிற் பொழிந்த மழை மகாவலி வழியே இறங்கி இப்பகுதிகளை மூழ்கடித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஆற்றைக் கேட்டறிந்துகொண்டு வந்தார்.

மற்றொன்றும் சொன்னார். வெருகல் மறிபட்டால் இங்கேயே இரண்டு நாள் தங்கிப் பார்ப்போம் என்று எண்ணவேண்டாம். பனிச்சங்கேணிப் பக்கம் களப்பு நிரம்பினால் தெற்கேயும் வழி அடைபடும், திரும்புவதாயின் இன்று காலையே திரும்புங்கள் என்றார். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் இருந்து இதே வீதியால் வருவதையும் நினைவூட்டினார். அவர்கள் வருவது வைகாசி, ஆனி மாதங்களில். ஆறுகள் மெலிந்து கிடக்கும் காலம்.

மூத்த மாணவர் வாதாடினார். பாலம் உயரமானதுதானே, அதுவரையிலாவது போய்ப் பார்க்கலாமே என்றார். பாலம் மூழ்காது, அதற்கு ஏறிச்செல்லும் தாழ்ந்த வீதிதான் மூழ்கும் என்று முதியவர் பொறுமையாக விளக்கினார். ஆசிரியர் இருவருக்கும் ஐயம் எதுவும் எஞ்சவில்லை. பிறர் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும்போது வண்டியின் வேகத்தைக் கொண்டு துணிவை அளக்க இயலாது. திரும்புவது என்று முடிவு செய்தோம். இளையவர் எதுவும் பேசவில்லை. பையைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு வீதிப் பக்கம் சென்றார்.

நாமும் பின்னால் நடந்தோம். கதிரவெளி சிறிய ஊர். ஆயினும் மிகப் பழையது. பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் இங்கே கண்டறியப்பட்டிருக்கின்றன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இக்கரையைச் சிதைத்தது. ஈராண்டுகூட நிறையுமுன், 2006 நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்து வந்த மக்கள் தங்கியிருந்த விக்னேஸ்வரா வித்தியாலயத்தின்மீது எறிகணைகள் வீழ்ந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆற்றைக் கடந்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று எண்ணி அங்கே அமர்ந்தவர்கள் அவர்கள். இளையவர் பாடசாலையின் வெளியே மதிலோரம் சிறிது நேரம் நின்றார். “அம்மா இந்த ஊரிலதான் மூண்டு மாசம் இருந்தவ” என்று மட்டும் கூறினார். தாயார் எந்த இடத்தில் தங்கியிருந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அம்மா நடந்து வந்த வழியின் இந்த முனையை அவர் கண்டுவிட்டார். மறுமுனை வெள்ளத்துக்கு அப்பால் இருந்தது.

புடைவையை என்ன செய்வது? அதை மீண்டும் மட்டக்களப்புக்குக் கொண்டுசெல்ல அவருக்கு மனம் வரவில்லை. முதியவர் கையை நீட்டினார். “தா மனே. தண்ணி வத்தினதும் எங்கட ஆக்கள் வெருகலுக்குப் போவாங்க. ஈச்சிலம்பத்தில எந்த வீடெண்டு எழுதித் தா.” பயிற்சிப் புத்தகத் தாளொன்றிலே பெரியம்மாவின் பெயரையும் வீட்டுக் குறிப்பையும் எழுதினார் இளையவர். எழுதி முடித்த பின்னர் கீழே இன்னும் சில வரிகள் எழுதி மடித்தார். அதை நாம் படிக்கவில்லை.

ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பினோம். முதல் நாள் முழுவதும் மார்பிற் குத்திய வாடை இப்பொழுது முதுகிற் கைவைத்துத் தள்ளியது. மணற்றடத்தை நினைத்துக்கூடப் பார்க்காமல் பெருவீதியாலேயே ஓட்டினோம். பனிச்சங்கேணியிலே களப்பு நீர் வீதியின் விளிம்புவரை வந்து நின்றது. முன்னாள் வீச்சுவலைக்காரர் நின்ற இடம் எதுவென்று அடையாளம் தெரியவில்லை. நண்பகலுக்குச் சற்றுப் பின் வாழைச்சேனையை அடைந்து அதே கடையில் தேநீர் அருந்தினோம். கடைக்காரர் வண்டிகளையும் எம்மையும் பார்த்தார். மலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அன்று பின்னேரமே மழை மீண்டும் தொடங்கியது. அடுத்த நாள் வெருகலில் வெள்ளம் வீதியை மேவியதாகவும் பேருந்துகள் நிறுத்தப்பட்டதாகவும் செய்தி வந்தது.

பொங்கலுக்கு நான்கு நாட்கள் இருக்கையில் இளையவரின் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. புடைவை கிடைத்தது என்றும், கரை சற்று நனைந்திருந்தது, காயவைத்து எடுத்தாயிற்று என்றும் பெரியம்மா கூறினாராம். ஆனியில் ஆறு வற்றிய பின்னர், வண்டியில் வராமல் தாயையும் அழைத்துக்கொண்டு பேருந்தில் வரும்படி சொன்னாராம். பேருந்தில் வருவதற்கு மட்டும் மாணவர் இன்னும் இணங்கவில்லை.