கல்லாற்றுச் சாவடியில்

குன்னூரில் பிறந்தவன் நான். என் வண்டியோ கோவைப் பதிவெண் கொண்டது. எனவே 2025 மே மாதம் அம்மாவைப் பார்க்கச் சென்றபோது, கல்லாற்றுச் சாவடியில் இ-பாஸ் காட்டி வெளியூர்க்காரனாகவே மலையேறினேன்.

சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் 2024 மே 7 முதல் வந்த நடைமுறை இது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. மலை அதற்குமேல் தாங்காது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதிவெண்ணைக் கொண்டு ஊர்க்காரனைத் தீர்மானிக்கும் கணினியிடம் காரணம் கேட்பது எப்படி?

இ-பாஸ் எளிய கணக்குதான். செயற்கை நுண்ணறிவு நாளை இதனினும் நுட்பமாக நம்மை வகைபிரிக்கும். அதை அரசுத் துறைகள் பயன்படுத்துமுன் சோதிக்கத் தமிழக அரசு 2020இலேயே கொள்கை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டமே இயற்றி, ஆபத்து மிகுந்த பயன்பாடுகளில் பாதிக்கப்பட்டவர் விளக்கம் கேட்கும் உரிமையையும் அளித்தது. கொள்கை அரசின் நல்லெண்ணம். உரிமை குடிமகனின் கைப்பொருள். சாவடியில் நிற்பவனுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.