பெரியப்பாவின் ட்ரெபிள்

வீட்டில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் நம் ஆட்கள் முதலில் ரிச்சி தெருவுக்குப் போய் 'நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் குடுங்க' என்பார்கள். 50 வாட்ஸை 100 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காகிவிடாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'ஏதோ கொஞ்சம்' என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 500 வாட்ஸை ராயபுரத்தில் பத்துக்குப் பத்து அறையில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போவார்.

இதைச் சொல்லித்தான் கல்மண்டபத்தில் இருக்கும் என் பெரியப்பா மகனைத் தடுத்தேன். அண்ணன் நாற்பதாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருந்தான். "நைனா வர வர பாட்டே சரியா கேக்கலன்றாருடா. செட்டு பழசாயிடுச்சு" என்றான்.

பெரியப்பா திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பிரஸ் ஷாப்பில் 31 வருடம் வேலை பார்த்தவர். ரிடையரானபோது வந்த பணத்தில் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே சாமான் அந்த செட். வாங்குவதற்கு முன் காசு செலவில்லாமல் செய்யக்கூடியதைச் செய்து பார்ப்போம் என்றேன்.

முதலில் கம்பிகள். ராயபுரத்தில் கடற்காற்று இலவசம், கூடவே உப்பும். ஸ்பீக்கர் ஒயரின் செப்புநுனி பச்சையாகக் களிம்பு ஏறிக் கிடந்தது. அரை அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி, முறுக்கி இறுக்கினோம். கரகரப்பு போயிற்று.

அடுத்தது சிவப்பு, கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் இரண்டும் மாறியிருந்தன. மாறினால் என்ன ஆகும்? ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். கீழ் ஸ்வரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. சந்தேகம் இருந்தால் ஒரு டார்ச் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். சிவப்பில் பிளஸ் பட்டால் கோன் முன்னால் வர வேண்டும். சரி செய்தோம். பேஸ் வந்தது, கூடவே பீரோவும் சேர்ந்து பாடியது.

காரணம் அறை. பத்தடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்கள் இருந்தால் 57 ஹெர்ட்ஸ் அருகில் ஒலி அங்குமிங்கும் மோதி ஊதிப் பெருக்கும். ஸ்பீக்கரை மூலையில் திணித்தால் இன்னும் மோசம். ஒன்று மூலையில் இருந்தது, இன்னொன்று பீரோ தலையில். இரண்டையும் இறக்கி, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு வருகிற மாதிரி ஸ்டூல்மேல் வைத்தோம். பீரோ கதவிடுக்கில் மடித்த அட்டை ஒன்று.

கடைசியாக மெத்தை. சிரிக்காதீர்கள். 1895-ல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் ஒரு லெக்சர் ஹாலைக் கொடுத்து, 'இங்கே பேசுவது புரியவில்லை, என்னவென்று பார்' என்றார்கள். ஒரு சொல் சொன்னால் ஐந்தரை விநாடி எதிரொலித்த ஹால் அது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து சீட் குஷன்களை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, ஒலி எத்தனை நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். அறைகளின் ஒலியியல் என்ற விஞ்ஞானமே அந்த குஷன்களிலிருந்து பிறந்ததுதான். நாங்கள் பெரியம்மாவின் இலவம்பஞ்சு மெத்தையை எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்தோம். "தூங்கறது எதுல?" என்று கேட்டார் பெரியம்மா. நியாயமான கேள்வி. பாட்டு கேட்கிற நேரத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் கொஞ்சம் ஓய்ந்ததும், 1978-ல் வந்த 'ப்ரியா' பாட்டைப் போட்டோம். ஸ்டீரியோவில் பதிவானது. இடது, வலது, நடுவில் குரல் என்று எல்லாம் அதனதன் இடத்தில் நின்றது. ட்ரெபிள் குமிழ் கடைசிவரை திருகியிருந்ததைப் பார்த்து, "இது ஏன் இப்படிக் கீது?" என்று அண்ணன் நடுவில் கொண்டுவந்தான். எனக்கும் அவனுக்கும் அது புது செட்.

பெரியப்பா மரியாதைக்குத் தலையாட்டினார். ஒரு நிமிஷம் கழித்து, "நல்லாத்தான்பா கீது. ஆனா அந்த ஜால்ராவ ஏன் எடுத்துட்டீங்க?" என்றார்.

ஜால்ரா போய்க்கொண்டுதான் இருந்தது. எங்களுக்குக் கேட்டது.

அடுத்த வாரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆடியோகிராம் எடுத்தார்கள். கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. பல வருடம் இரைச்சலில் நின்றவர்களின் காது இப்படித்தான் கையெழுத்துப் போடும். உள்காதில் பிறக்கும்போது சுமார் 15,000 மயிர்க்கால் செல்கள் இருக்கின்றன. சத்தத்தில் செத்தது செத்ததுதான். கோழிக்குத் திரும்ப முளைக்கும், மனிதனுக்கு முளைக்காது. நம் தொழிற்சாலை விதிகள் நெடுங்காலமாக எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்வரை அனுமதித்து வந்திருக்கின்றன. இரைச்சலால் வரும் காது கேளாமை சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. பட்டியலில் இருப்பது பெரியப்பாவுக்கு யாரும் சொல்லித் தெரியாது. காதில் பஞ்சு வைத்துக்கொள்வாராம். "பஞ்சு வெச்சா மேஸ்திரி கூப்டறது கேக்காது, திட்டுவாரு" என்றார்.

எனக்கு உறைத்தது வேறு. ச, ஸ, த, க போன்ற எழுத்துகளின் கூர்மையெல்லாம் மேல் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. அது போனால் பேச்சு கேட்கும், புரியாது. பதினைந்து வருடமாக அந்த வீட்டில், "அவருக்கு சொன்னா காதுல ஏறாது", "வேணும்னே பதில் சொல்றதில்ல" என்று பேச்சு. பெரியம்மா எத்தனையோ நாள் இதற்காகக் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கிறார். மனுஷர் சண்டை போடாமல் ட்ரெபிளைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறார். செட்டில் திருக ஒரு குமிழ் இருந்தது, வீட்டில் பேசுகிறவர்களிடம் இல்லை.

நாற்பதாயிரமும், அதற்கு மேல் கொஞ்சமும் காது மிஷினுக்குப் போயிற்று. அதுவும் ஒரு ஆம்ப்ளிஃபையர்தான். எந்த அதிர்வெண் குறைவோ அதை மட்டும் தூக்கிக் கொடுக்கும். முதல் வாரம் ஒரே புகார். குக்கர் விசில், காக்கா, லாரி ஹாரன் எல்லாம் சேர்ந்து வந்துவிட்டதாம். மூளைக்குப் பழக சில வாரங்கள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நீங்களும் அப்பாவுக்கு நல்ல செட் வாங்கித் தருகிற யோசனையில் இருந்தால், அதற்கு முன் ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். காதில் இயர்போனோடு பிறந்த மாதிரி திரியும் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் இயர்போனைக் கழற்றாமலே, "இன்னா சித்தப்பா?" என்றான்.