கொட்டாஞ்சேனைப் பயணம்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். ஆயினும் எமது மொறிஸ் மைனருக்கும், நாற்பதைத் தாண்டிய அதன் சாரதியாகிய எமக்கும் அது இன்று சிறு யாத்திரையே. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இனம் அவ்வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், இத்தகைய கிழங்களுக்குக் கொழும்பில் ஏற்பட்ட மதிப்பை வாசகர் அறிவர்.

கொள்ளுப்பிட்டி நெரிசலில் கிளச்சை மிதித்து மிதித்து எமது இடது முழங்கால் முனகும், றேடியேற்றரும் கொதிக்கும். காலிமுகத்திடலருகே நிறுத்தி இருவரும் கடற்காற்று வாங்குவோம். நீரோடும் இறப்பர்க் குழாய் நாட்பட இறுகி வெடிக்கிறது. எமது கண்வில்லையும் அவ்வாறே இறுகி நெகிழ்ச்சி இழப்பதால் வெள்ளெழுத்து வருகிறது. குழாய்க்குப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் மாற்று உண்டு. கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி உண்டு. முழங்காலுக்குத்தான் எண்ணெய்ப் பூச்சோடு சரி!

"விற்றுவிடுங்கள், மாஸ்டர்" என்கிறார் கராஜ்காரர். கொட்டாஞ்சேனையில் எண்பது வயதுத் தாயார் காத்திருக்கிறாரே! முச்சக்கர வண்டியின் குலுக்கலுக்கு அவர் முதுகு இசையாது. ஞாயிறுதோறும் அவரைக் கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்திற்கு அழைத்துச் செல்கிறோம். இரவில் எதிர்வரும் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்வதால், மாலைப் பூசையை விடுத்துக் காலைப் பூசைக்கு மாறியிருக்கிறோம். காலையில் றேடியேற்றரும் அவ்வளவு கொதிப்பதில்லை.