குதிரைக்குப் போட்ட பாதையில்

மலை என்றதுமே நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது படிகள்தான். பழநியானாலும் சரி, திருப்பதியானாலும் சரி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு 'இன்னும் எத்தனை படி?' என்று கேட்டபடியே ஏறிப் பழகியவர்கள் நாம். படியும் இல்லாமல், மூச்சும் முட்டாமல் மலைக்காட்டுக்குள் பத்து கிலோமீட்டர் நடக்க முடியுமா? முடியும். அப்படி ஒரு பாதையில் என் தங்கையோடு நடந்து வந்தேன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மெய்ன் மாநிலம். அங்கே மவுண்ட் டெசர்ட் என்ற தீவில் அகேடியா தேசியப் பூங்கா. எண்ணெய் வியாபாரத்தில் கோடீஸ்வரரான ராக்ஃபெல்லரின் மகன் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியருக்குக் குதிரை வண்டி ஓட்டுவதில் அலாதிப் பிரியம். மோட்டார் கார் அந்தத் தீவுக்குள் நுழைந்த சமயம், கார்த் தொந்தரவே இல்லாமல் சாரட்டு வண்டியில் காட்டைச் சுற்றி வரவேண்டும் என்று தம் செலவிலேயே பாதை போட ஆரம்பித்தார். 1913-இல் தொடங்கிய வேலை 1940 வரை நடந்ததாம். பூங்காவுக்குள் மட்டும் 45 மைல்! இன்றைக்கும் அதில் கார் போகக் கூடாது.

2023-இல் பாஸ்டன் பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பிரசவ உதவிக்காகப் போயிருந்தேன். எங்கள் அம்மா இல்லை. ஆகவே அக்காவான நான்தான் அம்மா ஸ்தானத்தில். ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை. புண் நன்றாக ஆறி, நாலு மாதமான பிறகும் இவள் வாசலைத் தாண்டவே மாட்டேன் என்றாள். குழந்தைக்குப் பால் கொடுப்பாள், ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துவிடுவாள். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லேக்கா." அந்த 'ஒண்ணுமில்லே' எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. டாக்டரம்மாவும் நடக்கத்தான் சொல்லியிருந்தார். ஆகஸ்ட் மாதம் மாப்பிள்ளை, "ரெண்டு நாள் அந்தத் தீவுக்குப் போய்ட்டு வரலாம்" என்றார்.

"மலையெல்லாம் என்னால ஏற முடியாது."

"ஏறவே வேண்டாம்மா. குதிரை வண்டிப் பாதைதான். குழந்தையைத் தள்ளுவண்டியிலேயே கொண்டு போகலாம்."

ஈகிள் ஏரியைச் சுற்றி வரும் வளையப் பாதை அது. ஏறக்குறைய 6 மைல். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். உச்சியைத் தொட்டாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதுவே அவளுக்குப் பாதி தைரியம்.

வண்டி இழுக்கும் குதிரை திணறக் கூடாதல்லவா? அதனால் எந்த இடத்திலும் செங்குத்தாக விடவில்லை. வளைவுகள்கூட நிதானமாகத்தான் திரும்புகின்றன. 16 அடி அகலம். உடைத்த கல்லை மூன்று அடுக்காகப் போட்டு, நடுவை மேடாக்கியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடையில் இறங்கிவிடும். சரிவின் ஓரங்களில் பெரிய பெரிய கருங்கற்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். அதற்கு 'ராக்ஃபெல்லரின் பற்கள்' என்று வேடிக்கையாகப் பெயர்! பிரசவமான உடம்புக்கு எது தேவையோ அதை ஒரு குதிரைக்காக யோசித்துச் செய்திருக்கிறார், பாருங்கள்.

கிழக்குக் கரையில் சுலபமாக நடந்துவிட்டோம். பூர்ச்ச மரங்களின் வெள்ளைப் பட்டை, ஏரியின் பளபளப்பு, குழந்தை நல்ல தூக்கம். 1947-இல் இந்தத் தீவில் பெரிய தீ பிடித்து 17,000 ஏக்கருக்கு மேல் எரிந்துபோயிற்றாம். ஊசியிலை மரங்கள் எரிந்த இடங்களில் பூர்ச்சம்தான் முதலில் முளைத்து வந்ததாம்.

மேற்குப் பக்கம் கொஞ்சம் ஏற்றம். தள்ளுவண்டியை நான் வாங்கப் போனேன். "நானே தள்றேன்" என்றாள். எதிரே பார்த்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். "ராத்திரி இவ அழுதா எனக்குக் கோபம் கோபமா வருதுக்கா. அப்புறம் நானும் உக்காந்து அழறேன். எனக்கு அம்மாவா இருக்கவே தெரியலையோன்னு பயமா இருக்கு."

நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "ம்... சொல்லு" என்றேன். ஒரு மைலுக்கு மேல் அவள்தான் பேசினாள். முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா?

நடந்தே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அடுத்த வாரமே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். பிரசவத்துக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் அழுகை வருவது சகஜம், அதற்கு மேலும் நீடித்தால் கட்டாயம் காட்ட வேண்டும், வைத்தியம் இருக்கிறது என்றார். வீட்டில் பெரியவர்கள் 'இதெல்லாம் ஒரு நோயா?' என்றாலும் விட்டுவிடாதீர்கள், பெண்களே.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஏரித் தண்ணீர் பார் ஹார்பர் என்ற ஊருக்குக் குடிநீர் என்பதால் அதில் குளிக்கக் கூடாது. புல்வெளிகளில் உண்ணிகள் உண்டு, கடித்தால் லைம் என்ற காய்ச்சல் வரலாம். ஆகவே முழுக்கால் உடை, வெளிர் நிறத்தில். அறைக்குத் திரும்பியதும் குழந்தையின் கழுத்து, காதோரம் எல்லாம் பார்த்துவிடுங்கள். நாங்கள் புளியோதரையும் பிளாஸ்க்கில் வெந்நீரும் எடுத்துப் போனோம். புளியோதரை போதவில்லை. என் தங்கை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்!

மறுநாள் காலை எழுந்து வந்தால், மேஜை மேல் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மலைகளைச் சுற்றிவரும் 11 மைல் பாதை ஒன்று உண்டாம். "என் முட்டி தாங்காதுடி" என்றேன். கடைசியில் மாப்பிள்ளையும் அவளுமாக அதில் பாதி தூரம் போய் வந்தார்கள். குழந்தையை நான் வைத்துக்கொண்டேன்.