தொட்டிலும் பூனையும்

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலே, மதுரையின் புறத்தே கோவலனைச் சந்திக்கும் மாடலமறையோன், அவன் முன்னர்ச் செய்த நற்செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றான். கீரிப்பிள்ளையொன்றின் சாவினாற் கணவனைப் பிரிந்து தவித்த பார்ப்பனப் பெண்ணொருத்தியின் துயரைக் கோவலன் பொருளீந்து தீர்த்தமை அவற்றுள் ஒன்று. இளங்கோவடிகள் சில அடிகளிற் கூறிச்செல்லும் அக்கதையைப் பஞ்சதந்திரம் விரித்துரைக்கும். உறங்கிய குழந்தையை நெருங்கிய பாம்பைக் கீரி கடித்துக் கொன்றது. அதன் வாயிற் குருதியைக் கண்ட தாய், அது தன் குழந்தையைக் கொன்றுவிட்டதெனக் கருதி அதனைக் கொன்றாள். உள்ளே சென்று பார்த்தபோது குழந்தை நலமாகக் கிடந்தது. வேல்ஸ் நாட்டிலே இக்கதை கெலர்ட் என்னும் வேட்டைநாயின் கதையாக வழங்குகின்றது. அங்கே பாம்பின் இடத்தில் ஓநாயும், தாயின் இடத்தில் லிவெலின் என்னும் இளவரசனும் உள்ளனர்.

ஆராயாது செய்யும் கருமம் தீராத் துயரைத் தரும் என்பதே இக்கதைக்கு நாம் வழமையாகக் கூறும் பொருள். விரிவுரை மண்டபத்திலும் அதனையே கேட்டேன், ஏற்றுக்கொண்டேன். ஆயினும், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு ஒரு குழந்தை வந்த பின்னர், வேறொரு வினா என்னுள் எழுந்தது. தாய் நீரெடுக்கச் செல்ல, தந்தையும் வெளியே சென்றுவிட, குழந்தையும் கீரியும் தனித்திருக்கும் நிலை எவ்வாறு நேர்ந்தது? குருதியைக் கண்ட கணத்தில் மட்டுமா தவறு நிகழ்ந்தது?

எங்கள் வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், மாடிக்குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் உள்ளது. படுக்கையறைகள் இரண்டு. அக்கா மகப்பேற்றுக்காக வந்து, துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாள் வரையிலும் அதன் பின்னர்ச் சில மாதங்களும் எங்களுடன் தங்குவதென முடிவாயிற்று. வீட்டில் ஏலவே அம்மம்மா இருந்தார். அவருடன் ஒரு பூனையும் இருந்தது.

அம்மம்மா, 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாணத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது அவர்களோடு நடந்தவர். அன்றிரவு வீட்டிலே பூனையொன்றை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லுவார். அதற்குமேல் அதைப்பற்றி எதுவும் சொல்லமாட்டார். கொழும்புக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்தபின், மழையில் நனைந்து மாடிப்படியிற் கிடந்த குட்டியொன்றைச் சேலைத் தலைப்பிற் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தார். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. ‘பூனை’ என்றே அழைப்பார். ஒன்பது ஆண்டுகளாக அது அவருடைய காலடியிலே உறங்கி வருகின்றது.

குழந்தை வீட்டுக்கு வந்த மறுநாளே கொட்டாஞ்சேனையிலிருந்து பெரியம்மா வந்தார். “பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டிலை பூனை என்னத்துக்கு? சாக்கிலை கட்டிக்கொண்டு போய்ச் சந்தையடியிலை விட்டிட்டு வாங்கோ” என்றார். இலண்டனில் வாழும் சித்தி, உறங்கும் குழந்தையின் மூச்சைப் பூனை உறிஞ்சிவிடும் என அங்கே அயலவர் சொல்வதாகத் தொலைபேசியில் எச்சரித்தார். அம்மம்மாவோ, “அது பிள்ளையை ஒண்டும் செய்யாது. நான் அறிவன்” என்று சொல்லிவிட்டுப் பேசாதிருந்தார். அக்கா எவருக்கும் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் இரவில் உறங்கவுமில்லை.

ஒரு பக்கத்திலே பத்து நாளும் நிரம்பாத ஓர் உயிர். மறுபக்கத்திலே, தன் வாழ்நாளில் இரண்டாம் முறையாகப் பூனையொன்றைக் கைவிட நேருமோ என்று அஞ்சும் முதியவர். இவற்றுள் எது பெரிதென்பதில் எவருக்கும் ஐயமில்லை, அம்மம்மாவுக்கும் இல்லை. ஆனால், அத்தகைய தெரிவொன்று உண்மையிலேயே வேண்டியிருந்ததா? அதனை அறிவதற்கு, அச்சம் எது, ஆபத்து எது எனப் பிரித்துப் பார்க்கவேண்டியதாயிற்று.

பூனை மூச்சை உறிஞ்சும் என்பது ஐரோப்பாவிற் பழங்காலந்தொட்டு வழங்கும் நம்பிக்கை. அதில் உண்மையில்லை. ஆயினும் அதனை நகைத்து ஒதுக்கிவிடுதலும் தகாது. பூனை வெம்மையை நாடும் விலங்கு. உறங்கும் குழந்தையின் பக்கத்தைக் காட்டிலும் வெம்மையான இடம் இரவிலே வேறில்லை. பிறந்த குழந்தையின் நிறை ஏறத்தாழ 3 கிலோகிராம். வளர்ந்த வீட்டுப்பூனையின் நிறை 3 முதல் 5 கிலோகிராம். தன்னளவு நிறையுள்ள ஓர் உடல் முகத்தருகே சுருண்டு படுக்குமாயின், கழுத்து நிலைகொள்ளாத சிசுவினால் அதனைத் தள்ளவோ தலையை முற்றாக விலக்கவோ இயலாது. முதல் மாதங்களிற் குழந்தை பெரும்பாலும் மூக்கினாலேயே சுவாசிக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். இத்தகைய தீங்கு அரிதே, எனினும் நிகழக்கூடியது. அதற்குப் பூனையின் உள்ளத்திலே பகைமை இருக்கவேண்டுமென்பதில்லை. குளிர் இருந்தாற் போதும்.

இவ்வகையில் எங்களுக்குக் கண்திறப்பாக அமைந்தவர், வீடு தேடிவந்த குடும்பநல மாது. பூனையைப் பற்றி நாங்கள் முறையிடுமுன்னரே, குழந்தையின் இருபக்கமும் அணையாக வைத்திருந்த தலையணைகளை அவர் எடுத்து அப்பால் வைத்தார். “முதல் இதுகளை எடுங்கோ, பூனையைப் பிறகு பாப்பம்” என்றார். மூச்சுத் தடைப்படுவதற்குப் பூனையைவிட நெருங்கிய காரணங்கள் பல எங்கள் கட்டிலிலேயே இருந்தன. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தல் வேண்டும் என்னும் இயக்கம் பிரித்தானியாவில் 1991 இலும் அமெரிக்காவில் 1994 இலும் தொடங்கிற்று. அதன்பின் திடீர்ச் சிசு மரணங்கள் அந்நாடுகளிற் பெருமளவு குறைந்தன. உறுதியான சமதளப் படுக்கை, அதன்மேல் இறுக விரித்த துணி, மல்லாந்து கிடக்கும் குழந்தை ஆகியவற்றுக்கு மேலாகத் தலையணையோ, பஞ்சு பொம்மையோ, தடித்த போர்வையோ, பூனையோ அங்கே இருத்தலாகாது. அப்பட்டியலிற் பூனையும் ஒன்று. அதுவே முழுப்பட்டியல் அன்று.

நோய்களைப் பற்றிய அச்சமும் ஆராயத்தக்கதே. 1908 இல் தூனிஸ் நகரிற் கண்டறியப்பட்ட தொக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர், பூனையின் குடலிலேதான் தன் இனப்பெருக்கத்தை நிறைவுசெய்கின்றது என்பது 1970 ஆம் ஆண்டளவில் உறுதியாயிற்று. இதனால் முதன்மையாக அஞ்சவேண்டியவர் கருவுற்ற தாய். அவர்மூலம் கருவிலுள்ள குழந்தை. பூனையின் மலத்தோடு வெளிவரும் அந்நுண்ணுயிர், தொற்றும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை செல்லும். ஆகையால் மலத்தட்டை நாள்தோறும் அகற்றுதலும், கருவுற்றவர் அன்றி வேறொருவர் அதனைச் செய்தலும், இறைச்சியை நன்கு வேகவைத்தலும், மரக்கறியைக் கழுவுதலும் தக்க காவலாகும். எங்கள் வீட்டில் அப்பணி என்னுடையதாயிற்று.

விசர்நாய்க்கடி நோயோ வேறுவகையினது. 1973 இலே இந்நாட்டில் 377 பேர் அந்நோயால் இறந்தனர். தடுப்பூசி பரவலானதன் பயனாக அண்மை ஆண்டுகளில் அத்தொகை முப்பதளவுக்குக் குறைந்துள்ளது. பெரும்பாலும் நாய்களாற் பரவினும், பூனையும் அதனைக் கடத்தவல்லது. பூனைக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுதல் வேண்டும். குழந்தையின் மேனியிற் சிறு கீறல் பட்டாலும், சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடங்கள் கழுவி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

அவ்வாறாயின் பூனையை விரட்டிவிடுதல் எளிதன்றோ எனக் கேட்கலாம். அதற்கு மறுமொழி பெரியம்மாவின் வீட்டிலேயே இருந்தது. துறைமுகத்தையும் பண்டசாலைகளையும் அடுத்துள்ள கொட்டாஞ்சேனை, எலிகளுக்கு நன்கு பழக்கப்பட்ட இடம். 1914 இற் பிளேக் நோய் கொழும்புக்குள் நுழைந்தபோது, அதனைச் சுமந்து வந்தவை துறைமுக எலிகளும் அவற்றின் தெள்ளுகளுமே. இன்று பிளேக் இல்லை, எலிக்காய்ச்சல் இருக்கின்றது. 2008 இல் நாடு முழுவதும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நோய் பற்றிய ஐயத்துக்கு உள்ளாயினர். உறங்கும் சிசுவை எலி கடிப்பதும் புதிதன்று. பெரியம்மாவின் பழைய வீட்டில் அறைகளின் இடைச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. கதவைச் சாத்தினாலும் பூனை மேலால் இறங்கும், எலியும் இறங்கும். அவருடைய அச்சம் அவ்வீட்டிற் பிறந்தது. அங்கே அது நியாயமானது. எங்கள் வீட்டிலோ சுவர்கள் கூரைவரை எழும்புகின்றன. வேண்டியது ஒரு கதவுதான்.

ஆனால் கொழும்பின் வெக்கையிலே கதவைச் சாத்திவைத்துக் குழந்தையை உறங்க வைப்பதெங்ஙனம்? இதனையே நான்கு நாட்கள் விவாதித்தோம். ஈற்றில் அத்தான், தச்சுத் தொழிலாளி ஒருவரை அழைத்துவந்து, அக்காவின் அறைவாசலுக்கு மரச்சட்டத்தில் இறுக்கிய கம்பிவலைக் கதவொன்றைப் பொருத்துவித்தார், சன்னல்களுக்கும் அவ்வாறே. காற்று வரும், குழந்தையின் அழுகை வெளியே கேட்கும், பூனை உட்புகாது. குடைபோல விரியும் நுளம்பு வலை பூனைக்குக் காவலாகாது என்பதையும் அப்போதே கற்றுக்கொண்டோம். பூனை அதன்மேல் ஏறிப் படுத்தால் வலை குழந்தையின் முகத்தின்மேல் அமிழும். நுளம்புக்கு வலை, பூனைக்குக் கதவு. அம்மம்மா பகலிற் கட்டித் தந்த ஏணையும், பெரியவர் ஒருவர் விழித்து அருகிருக்கும் வேளையில் மட்டுமே பயன்பட்டது. தொங்கும் துணியின் குழிவு பூனைக்கும் பிடித்தமானது என்பதை அது முதல்நாளே காட்டிவிட்டது.

முதல் நான்கைந்து இரவுகள் பூனை கம்பிவலைக்கு வெளியே அமர்ந்து கத்திற்று. அம்மம்மா எழுந்துவந்து, அதன் அருகே கதிரையிட்டு அமர்ந்திருப்பார். ஒருநாள் அவர், “நான் அதை நம்பிறன். ஆனால் பிள்ளையின்ரை கட்டிலடியிலை நம்பிக்கை வேண்டாம்” என்றார். தெருவில் விடு என்ற குரலுக்கும் ஒன்றும் செய்யாது என்ற குரலுக்கும் இடையே நாங்கள் தேடிய வழி அதுவே என எனக்குத் தோன்றிற்று.

கீரியின் கதைக்கு நான் இன்று காணும் பொருளும் இதுவே. அவ்வீட்டார் முதலிற் கீரியை அளவுக்கு மிஞ்சி நம்பினர். பின்னர் அளவுக்கு மிஞ்சி ஐயுற்றனர். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினும், ஒரே பிழையின் இரு முகங்களே. மனிதர் செய்யவேண்டிய காவலை விலங்கின் குணத்தின்மேற் சுமத்தியமையே அப்பிழை. குணத்தின்மேற் சுமத்தப்பட்ட காவல் தவறும்போது, தண்டிக்கப்படுவதும் அக்குணமே. கதவோ பூனையின் குணத்தை ஆராய்வதில்லை. அது நல்லதாயினும் தீயதாயினும் வெளியே நிறுத்துகின்றது. நிறுத்துவதாற் பழியிலிருந்து அதனையும் காக்கின்றது. கதவும் தானாகச் சாத்திக்கொள்வதில்லை. இரவுதோறும் ஒருவர் எழுந்து, கொளுக்கி விழுந்துள்ளதா எனப் பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் அம்முறை அத்தானுக்கும் எனக்குமிடையே பகிரப்பட்டது. அன்பு என்பதற்கு நம் இலக்கியங்கள் பெரும்பெரும் உவமைகளைத் தந்துள்ளன. கொளுக்கியைத் தொட்டுப்பார்க்கும் கையையும் அவற்றோடு சேர்க்கலாம் என எண்ணுகின்றேன்.

இப்போது குழந்தைக்கு எட்டு மாதம். தானாகப் புரள்கின்றாள், தவழ்கின்றாள், பூனையின் வாலைக் கண்டதும் அதன் பின்னே விரைகின்றாள். பகலிலே கம்பிவலைக் கதவைச் சாத்துவது நின்றபாடில்லை. ஆனால் இப்போது அதன் உட்பக்கத்தில் உறங்குவது பூனை.