அப்பா போகாத ஆட்டம்

பம்பாய்க்காரர்களுக்குத் தங்கள் ரஞ்சிக் கட்சியின் பேரில் அபிமானம் வைப்பது சுலபம். 1959 முதல் 1973 வரை வருஷா வருஷம், பதினைந்து தடவை தொடர்ந்து, கோப்பை அவர்கள் வீட்டுக்கே போயிற்று. ஜெயிக்கிறவனை நேசிப்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? எங்களைப் போல் சேப்பாக்கத்துக் காலரியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்!

இத்தனைக்கும் ரஞ்சிப் பந்தயத்தின் முதல் ஆட்டமே எங்கள் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4-ஆம் தேதி. மைசூரை ஒரே நாளில் சுருட்டிக் கட்டி அனுப்பிவிட்டார்கள். ராம் சிங் பதினோரு விக்கெட் எடுத்தார். அவருடைய மகன் கிருபால் சிங் ஆடிய கட்சிதான் 1955-ல் இந்தூருக்குப் போய், ஹோல்காரை 46 ரன்னில் தோற்கடித்துக் கோப்பையை முதல் முறையாகச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அந்தச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டை அப்பா தம் டிரங்குப் பெட்டியில் எல்.ஐ.ஸி. பத்திரத்தோடு வைத்திருந்தார். இரண்டில் எதை மேலாக மதித்தார் என்று நாங்கள் கேட்டதில்லை.

1973-ல் இறுதி ஆட்டம் சேப்பாக்கத்துக்கே வந்தது. எதிரி பம்பாய். எனக்குப் பதினோரு வயது. எங்கள் வீடு திருவல்லிக்கேணியில். பெல்ஸ் ரோடு வழியாக நடந்தால் மைதானம். அப்பா ஆபீஸுக்கு ஐந்து நாள் லீவு எழுதிப் போட்டார். வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருக்கையில் யாருக்குத்தான் ஆசை வராது? பம்பாய் 151-க்கு ஆட்டம் இழந்தபோது அப்பா பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரைக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் பத்மாகர் சிவால்கர் பந்தைக் கையில் வாங்கினார். 16 ரன் கொடுத்து எட்டு விக்கெட். நாங்கள் 80. பம்பாய் மறுபடி 113 எடுத்தது. 185 எடுத்தால் ஜெயம் என்று அப்பா டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். இரண்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் ஒன்பது பேர் திரும்பி வந்துவிட்டார்கள். இப்பேர்ப்பட்ட சிவால்கர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்டுகூட ஆடக் கொடுத்துவைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. அன்றைக்கு அவரைச் சபித்தவன்தான் நான்.

மூன்றாம் நாள் காலை அப்பா வேஷ்டியை மாற்றிக்கொண்டு புறப்பட்டார்.

"ஒரு விக்கெட் விழுகிறதைப் பார்க்க ஒரு தூக்குப் புளியோதரையா?" என்றாள் அம்மா.

"கடைசி ஜோடி நின்றுவிட்டால்?" என்றார் அப்பா.

புளியோதரை ஆறுவதற்குள் நேரமாகிவிட்டது. நாங்கள் வாசலை நெருங்கும்போது பத்துப் பதினைந்து பேர் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். அன்றைய முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டதாம். 61-க்கு எல்லாரும் அவுட். 123 ரன் தோல்வி.

கடற்கரை மணலில் உட்கார்ந்து புளியோதரையைத் தின்றோம். வெகு நேரம் கழித்து அப்பா, "நான் வந்திருக்கக் கூடாதுடா. எனக்கு ராசி இல்லை" என்றார்.

வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் சேப்பாக்கத்துக்குப் போகவே இல்லை. ரேடியோவில் ஸ்கோர் சொன்னால் கேட்பார். பத்திரிகையில் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார். "வாருங்களேன் அப்பா" என்றால், "நீ போய்விட்டு வா. கட்சி ஜெயிக்க வேண்டாமா?" என்பார். பகுத்தறிவு என்பது கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே பயன்படும் வஸ்து.

1988-ல், முப்பத்து மூன்று வருஷம் கழித்து, வாசுதேவன் தலைமையில் கோப்பை மறுபடி வந்தது. எதிரி ரயில்வே. அதே சேப்பாக்கம். அப்பா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அத்தனை நாளும் சும்மாதான் இருந்தார். மொட்டை மாடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மைதானத்திலிருந்து காற்றில் வந்த கூச்சலை வைத்தே ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கிறார். நான் மூச்சிரைக்க ஓடிவந்து சொல்வதற்கு முன்பே, "இன்னிங்ஸ் வெற்றி இல்லையா?" என்றார்.

கோப்பையை வாங்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை, நடக்காததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். நாவல் எழுதுகிறவனுக்கு அதுகூட முடியாதா? அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அதன் பிறகு இறுதி ஆட்டத்துக்குப் போவதும் தோற்பதுமாகக் காலம் ஓடிற்று. 2003-லும் 2004-லும் அதே பம்பாய், மும்பை என்ற புதுப் பெயரோடு வந்து எங்களைத் தோற்கடித்தது. இரண்டையும் பார்க்க அப்பா இல்லை.

2012 ஜனவரியில் ராஜஸ்தானோடு இறுதி ஆட்டம், சேப்பாக்கத்தில். வினீத் சக்சேனா என்பவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார், போகவில்லை. 257 ரன்! கட்சிக்கு 621! இரண்டாம் நாள் மத்தியானம், வெறிச்சோடிக் கிடந்த காலரியில் உட்கார்ந்திருந்த எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். தெரிந்தவர் யாரும் இல்லை. மெல்ல எழுந்து வெளியே வந்தேன்.

பெல்ஸ் ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் நின்று, மைதானத்துப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு டீ குடித்தேன். கூச்சல் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.