ரெஃப்ரி தப்பா, கோச் தப்பா?

2023 மார்ச் 3, பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியம். ஐ.எஸ்.எல். நாக்-அவுட் ஆட்டம், கூடுதல் நேரம். கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்கள் சுவர் கட்டி முடிப்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கை அடித்துவிட்டார். கோல் என்றார் ரெஃப்ரி! விசில் இல்லாமலும் அடிக்கலாம்தான்... ஆனால் சுவரைத் தள்ளி நிறுத்த ரெஃப்ரியே தலையிட்டால் விசிலுக்குக் காத்திருக்கணும். சண்டையே அதில்தான்.

கோபம் நியாயமாகவே இருக்கட்டும். அதுக்காக கோச் இவான் வுகோமனோவிச் மொத்த டீமையும் வெளியே கூப்பிட்டுக்கொண்டு போனது? இன்னும் இருபது நிமிஷத்துக்கு மேல் பாக்கி! 2019 மார்ச் 9-ல் நம்ம கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டியும் இப்படித்தான் இடைவேளை வரை 0-1 பின்தங்கி இருந்தது. 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது.

பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டத் தடை. பெங்களூர் செமி ஃபைனலுக்குப் போய்விட்டது.